கடப்பாக்கல்லுக்கு உள்ளே

(வாசகர் வட்ட மாதக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உங்களில் எத்தனை பேர் வீட்டுச் சமையலறையில் கடப்பாக்கல் இருக்கிறது? கையைத் தூக்குங்கள். பரவாயில்லை, பாதிப் பேருக்கு மேல் தேறும். கிரானைட் வந்த பிறகு அடுப்பு மேடையிலிருந்து கடப்பாக்கல் இறங்கிவிட்டது. ஆனாலும் பாத்திரம் அடுக்கும் தட்டாக, அலமாரிப் பலகையாக, துணி துவைக்கும் கல்லாக இன்னும் நம்மோடுதான் இருக்கிறது.

எங்கள் வீட்டில் மேடையே கடப்பாக்கல். அம்மா ரசத்துக்கு எலுமிச்சம்பழம் பிழிவாள். பிழிந்த மூடியை மேடைமேலேயே கவிழ்த்து வைத்துவிட்டு மறந்துவிடுவாள். காலையில் எடுத்துப் பார்த்தால் கறுப்புக் கல்லில் வட்டமாக ஒரு வெளுத்த தடம் இருக்கும். துடைத்தால் போகாது, சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் போகாது. புளிக்கரைசல் சிந்தினாலும் இதே கதைதான். அப்பா முணுமுணுப்பார். அம்மா கொஞ்சம் தேங்காயெண்ணெயைத் தொட்டுத் தடவி மறைத்துவிடுவாள். இரண்டு நாளில் மறுபடி தெரியும்.

அது கறை இல்லை. கறை என்றால் மேலே ஏதோ ஒட்டியிருக்க வேண்டும். இங்கே எதுவும் ஒட்டவில்லை, கல்லின் மேல்தோல் கரைந்து போயிருக்கிறது. கடப்பாக்கல் என்பது கறுத்த சுண்ணாம்புக்கல். புளிப்புப் பட்டால் கரையும்.

இன்றைக்கு நான் பேச வந்தது அந்தத் தடத்தைப் பற்றித்தான். ஆனால் நான் சொல்லப்போகும் தடத்தின் நீளம் 3,229 மீட்டர்.

நம் வட்டத்திலிருந்து 23 பேர் சென்ற தை மாதம் ஆந்திரத்தில் பேலம் குகைக்குப் போய் வந்தோம். வராதவர்களுக்காகப் பேசுங்கள் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். போய் வந்தவர்களுக்கும் சேர்த்தே பேசுகிறேன். ஏனென்றால் நாங்கள் எதைப் பார்த்தோம் என்பதில் எங்களுக்குள்ளேயே இன்னும் சண்டை தீரவில்லை.

சென்னையிலிருந்து மும்பை போகும் பாதையில் ரேணிகுண்டா, கடப்பா, எர்ரகுண்ட்லா தாண்டினால் தாடிபத்ரி. அங்கே இறங்கிச் சாலை வழியாகச் சுமார் 30 கிலோமீட்டர். ஊர் நெருங்க நெருங்க எல்லாம் கல்லாக மாறிவிடுகிறது. வெட்டிய பலகைகளை நட்டுவைத்த வேலி, பலகை அறுக்கும் பட்டறை, பட்டறை வாசலில் வெள்ளைச் சேறு, பலகைகளை நிறுத்திக் கட்டிய லாரிகள், தூரத்தில் சிமெண்டு ஆலையின் புகைபோக்கி. நம் வீட்டு மேடைக் கல் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க விரும்புகிறவர்கள் இந்த 30 கிலோமீட்டரில் தூங்கக் கூடாது. எங்கள் வேனில் நான் ஒருவன்தான் விழித்திருந்தேன்.

குகை என்றதும் நம் மனத்தில் மலை வந்துவிடுகிறது. வேன் நின்ற இடத்தில் மலை இல்லை. சமவெளி. கொஞ்சம் தள்ளி 40 அடி உயரத்தில் ஒரு புத்தர் சிலை அமர்ந்திருக்கிறது. "குகை எங்கே?" என்று கேட்டுக்கொண்டே நடந்தோம். நாலைந்து பனைமரம் உயரத்துக்காவது பாறை தெரியும் என்று அண்ணாந்து தேடியவர்களுக்குக் காலடியில் ஒரு பள்ளம் காட்டப்பட்டது. நம் ஊர்ப் பாழுங்கிணறு மாதிரி வட்டமான பள்ளம். அதற்குள் படி இறங்குகிறது. குகைக்குள் நுழைவது என்பது இங்கே கிணற்றுக்குள் இறங்குவதுதான். அப்படிப்பட்ட மூன்று பள்ளங்களில் நடுவில் இருப்பது வாசல்.

இங்கே ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். குகைக்குப் போகிறோம் என்று சொன்ன நாளிலிருந்து வீட்டில் எல்லோரும் கேட்ட கேள்வி, "குணா குகை மாதிரியா?" என்பதுதான். 1991-இல் ‘குணா’ படம் வந்தது. 2024-இல் ‘மஞ்ஞுமல் பாய்ஸ்’ வந்தது. இடையில் இரண்டு தலைமுறைக்குக் குகை என்றால் கொடைக்கானல்தான். ஆனால் அது கரைந்து உண்டான குகை அல்ல. டெவில்ஸ் கிச்சன் என்று வெள்ளைக்காரர்கள் பெயர் வைத்த அந்த இடம் கெட்டிப் பாறையில் விழுந்த பிளவு. சித்தன்னவாசலும் சமணர் படுக்கைகளும் கருங்கல்லில் இயற்கையாக அமைந்த அல்லது உளியால் குடைந்த தங்குமிடங்கள். தமிழ்நாட்டின் பெரும்பகுதி கருங்கல் நாடு. கருங்கல்மேல் ஒரு மூட்டை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாலும் அது அசையாது. நமக்கு நன்றாகத் தெரிந்த சுண்ணாம்புக் குகை கடலுக்கு அப்பால்தான் இருக்கிறது. மலேசியாவின் பத்துமலை. 272 படியேறி முருகனைக் கும்பிடுகிறவர்கள் மேலே அண்ணாந்து பார்த்தால் தொங்குவதெல்லாம் சுண்ணாம்புதான். பால்குடத்தை இறக்கிவைத்துவிட்டு யார் அண்ணாந்து பார்க்கிறார்கள்?

சரி, பேலத்தில் யார் எலுமிச்சம்பழம் பிழிந்தது?

மழைதான். மழைத்தண்ணீர் விழும்போதே காற்றிலிருந்து கொஞ்சம் கரியமில வாயுவை வாங்கிக்கொள்கிறது. மண்ணுக்குள் இறங்கும்போது இன்னும் நிறைய வாங்கிக்கொள்கிறது. ஏனென்றால் வேர்களும் நுண்ணுயிர்களும் மூச்சுவிடும் மண்ணுக்குள் அந்த வாயு வெளிக்காற்றில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். சோடா பாட்டிலில் இருப்பது போன்ற இலேசான புளிப்பு. நாக்குக்குத் தெரியாது, கல்லுக்குத் தெரியும். விரிசல் வழியாக இறங்கிய தண்ணீர் இலட்சக்கணக்கான வருஷம் அந்தக் கறுப்புக் கல்லை அரித்து, விரிசலைக் குழாயாக்கி, குழாயைக் கூடமாக்கி, கடைசியில் மட்டம் தாழ்ந்து இன்னும் கீழே போய்விட்டது. நாம் நடப்பது தண்ணீர் காலிசெய்துவிட்டுப் போன வீட்டில்.

பேலம் என்ற பெயரைச் சமஸ்கிருதத்து ‘பிலம்’ என்ற சொல்லோடு சேர்த்துச் சொல்வார்கள். நமக்குப் புதிய சொல் இல்லை. கம்பராமாயணத்துக் கிட்கிந்தா காண்டத்தில் ‘பிலம் புக்கு நீங்கு படலம்’ என்றே ஒரு படலம் இருக்கிறது. சீதையைத் தேடிப்போன வானரங்கள் தாகத்தோடு இருட்டுப் பிலம் ஒன்றுக்குள் நுழைந்து வழி தெரியாமல் திகைக்கின்றன. அனுமன் வாலைப் பிடித்துக்கொண்டு வரிசையாகப் போகின்றன. குழுவாகக் குகைக்குப் போவதன் முதல் வர்ணனை நமக்கு அதுதான் என்று நினைக்கிறேன். முன்னால் போகிறவனை விட்டுவிடாதே என்ற விதியும் அங்கேயே வந்துவிடுகிறது. வாலியின் கதையும் பிலத்தில்தான் திரும்புகிறது. அண்ணன் உள்ளே போனான், வரவில்லை என்று தம்பி வாசலைப் பாறையால் அடைத்துவிட்டான். எங்கள் வேனில் ஒரு அண்ணனும் தம்பியும் வந்திருந்தார்கள். அண்ணனை முதலில் இறக்கிவிட்டுத் தம்பியைக் கடைசியில் வரச் சொல்லக் கூடாது என்று எல்லோருமாகத் தீர்மானித்தோம்.

பேலம் குகையைப் பற்றி முதலில் எழுதிவைத்தவர் ராபர்ட் புரூஸ் ஃபூட், 1884-இல். பெயர் எங்கோ கேட்டது போல இருக்கிறதா? 1863-இல் சென்னைக்குப் பக்கத்தில் பல்லாவரத்தில் கற்கோடரியை எடுத்த அதே மனிதர். இந்தியாவின் பழைய கற்காலம் என்ற படிப்பே அந்தக் கல்லிலிருந்துதான் தொடங்குகிறது. பிற்காலத்தில் ஏற்காட்டில் வீடு கட்டிக்கொண்டு வாழ்ந்தார். அவர் சேர்த்த பொருள்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஃபூட் கண்டுபிடித்தார் என்று நான் சொல்லவில்லை, கவனித்தீர்களா? ஊர்க்காரனுக்குத் தெரிந்த பள்ளத்தை வெளியூர்க்காரர் ‘கண்டுபிடித்தார்’ என்று எழுதுவது எனக்குப் பிடிக்காது. சில இடங்களில் அந்த எழுத்தே தப்பாகவும் இருக்கிறது. அரக்குப் பள்ளத்தாக்குப் பக்கம் போரா குகைகள் இருக்கின்றன அல்லவா? இந்தியப் புவியியல் ஆய்வகத்தைச் சேர்ந்த வில்லியம் கிங் 1807-இல் அதைக் கண்டுபிடித்தார் என்று எந்தக் கட்டுரையைப் புரட்டினாலும் இருக்கும். அந்த ஆய்வகம் தொடங்கியதே 1851-இல். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிக்கொண்டே போயிருக்கிறார்கள்; கழித்துப் பார்க்கக்கூட ஆள் இல்லை.

ஃபூட் எழுதிவைத்த பிறகு சுமார் 100 வருஷம் பேலத்தை யாரும் சீந்தவில்லை. 1982-இலும் 1983-இலும் ஹெர்பர்ட் டேனியல் கெபவர் தலைமையில் ஜெர்மானியக் குகை ஆய்வாளர்கள் வந்து ஊர்ந்து, தவழ்ந்து, அளந்து வரைபடம் போட்டார்கள். அப்போதெல்லாம் சுற்றுப்பட்டுக் குப்பையெல்லாம் அந்தப் பள்ளத்தில்தான் விழுந்துகொண்டிருந்தது. ஊர்க்காரர்கள் சிலரும் ஓய்வுபெற்ற காவல்துறை அதிகாரி ஒருவரும் விடாமல் அலைந்து அரசாங்கத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தார்கள். சேறு வாரி, பாதை போட்டு, விளக்கு மாட்டி, மேலிருந்து துளையிட்டுக் காற்று இறக்கி, 2002-இல் திறந்தார்கள். மொத்த நீளத்தில் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர்தான் நமக்கு. மீதி அடைப்புக்கு அப்பால்.

இனி உள்ளே போவோம்.

படி இறங்கியதும் ஒரு புழுக்கம் முகத்தில் அடிக்கிறது. குகை என்றால் சில்லென்று இருக்கும் என்று சால்வை கொண்டுவந்தவர்கள் அதை இடுப்பில் கட்டிக்கொண்டார்கள். சுவரெல்லாம் வழவழப்பாக, அலையலையாகக் குழிந்திருக்கிறது. உளி பட்ட அடையாளமே இல்லை. மாவு பிசைந்த கை பாத்திரத்தின் உட்புறத்தை வழித்தெடுத்த மாதிரி இருக்கிறது. தண்ணீர் எந்தப் பக்கமாகப் போயிற்று என்று அந்தக் குழிவுகளைத் தடவியே சொல்லிவிடலாம் போலத் தோன்றியது. தடவவில்லை, காரணம் பிறகு.

வழிகாட்டித் தம்பி தெலுங்கில் பாதி, தமிழில் பாதியாகப் பேசிக்கொண்டு வந்தார். கையில் ஒரு டார்ச். அதன் வெளிச்சம் எங்கே விழுகிறதோ அங்கே ஒரு பெயர். இது சிம்மத்துவாரம், பாருங்க சார், சிங்கத்தின் தலை. இது கோடிலிங்கம். இது வேயி படகலு, ஆயிரம் படம் எடுத்த ஆதிசேஷன். இது ஊடலமர்ரி, விழுது விட்ட ஆலமரம். எங்கள் குழு சும்மா இருக்குமா? பத்து நிமிஷத்தில் ஆளுக்கொரு பெயர் வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். யானை வந்தது, பிள்ளையார் வந்தார், ஒரு அரசியல் தலைவரின் மூக்கு வந்தது, கல்லூரிப் பிள்ளைகளுக்கு பர்கர் வந்தது. யாருக்கும் கல் வரவில்லை.

நான் நிலவியல் படித்தவன் இல்லை. 30 வருஷம் பள்ளியில் புவியியல் நடத்தியவன். மேலிருந்து தொங்குவது கல்விழுது, கீழிருந்து எழுவது கல்முளை, இரண்டும் சேர்ந்தால் தூண் என்று ஒவ்வொரு வருஷமும் கரும்பலகையில் வரைந்து மூன்று மதிப்பெண் கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு கல்விழுதை நேரில் பார்த்தது ஓய்வுபெற்ற பிறகுதான். ‘ஊடலமர்ரி’ என்று தம்பி சொன்னதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. விழுதுடைய ஆலமரம். நம் பாடநூலில் யாரோ ஒரு மொழிபெயர்ப்பாளர் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்து வைத்த கல்விழுது என்ற சொல்லும், குகைக்குள் நின்று ஊர்க்காரர் வைத்த பெயரும் ஒரே மரத்தில் போய் முட்டுகின்றன.

அந்த விழுதின் நுனியில் ஒரு துளி நின்றுகொண்டிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். குழு அடுத்த கூடத்துக்குப் போய்விட்டது. துளி விழவில்லை. மேலே கல்லைக் கரைத்துக்கொண்டு வந்த தண்ணீர், குகையின் காற்றுப்பட்டதும் தன்னிடமிருந்த வாயுவை விட்டுவிடுகிறது. வாயு போனால் புளிப்புப் போயிற்று. புளிப்புப் போனால் சுண்ணாம்பைத் தூக்கிச் சுமக்கத் தண்ணீருக்குத் தெம்பில்லை. ஒரு துளிக்கு ஒரு துகளாக இறக்கிவைத்துவிட்டு விழுகிறது. விழுந்த இடத்தில் மிச்சத்தை வைக்கிறது. வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வளர்ந்தால் நல்ல வளர்ச்சி. அந்தக் கணக்கில் ஒரு சாண் விழுதுக்கு 2,000 வருஷத்துக்கு மேல் ஆகும். சங்கப் புலவர் பாடிக்கொண்டிருந்தபோது துளிர்த்தது இப்போது ஒரு சாண்.

இந்தச் சாண்கணக்கை வைத்து உலகத்துக்கே காலம் வகுத்திருக்கிறார்கள். மேகாலயத்தில் சோரா பக்கம் மாவ்ம்லூ என்று ஒரு குகை. அதிலிருந்து எடுத்த ஒரு கல்முளையை நெடுக்கே அறுத்துப் பார்த்தால் மரத்தின் வளையம்போல அடுக்கடுக்காக இருக்கிறது. ஒவ்வொரு அடுக்கிலும் உள்ள ஆக்சிஜனின் வகையை அளந்தால் எந்தக் காலத்தில் மழை வலுத்தது, எப்போது பொய்த்தது என்று தெரியும். சுமார் 4,200 வருஷத்துக்கு முன்னால் பருவமழை பெரிதாகப் பொய்த்திருப்பது அந்தக் கல்லில் பதிவாகியிருக்கிறது. 2018-இல் உலக நிலவியலாளர்கள் கூடி அந்தக் கோட்டையே எல்லையாக எடுத்துக்கொண்டு, அன்று தொடங்கி இன்றுவரை நடக்கும் காலத்துக்கு ‘மேகாலயக் காலம்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். நாம் எல்லோரும் இப்போது உட்கார்ந்திருப்பது மேகாலயக் காலத்தில். ஒரு கல்முளையை யாராவது ஞாபகார்த்தமாக உடைத்து வீட்டு ஷோகேஸில் வைத்திருந்தால் அந்தக் கணக்கு அந்த ஷோகேஸோடு போயிருக்கும்.

உடைக்கக்கூட வேண்டாம், தொட்டாலே போதும். விரலில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு கல்லில் ஒட்டிக்கொண்டால் அந்த இடத்தில் சுண்ணாம்பு சரியாகப் படியாது; விழுது கறுத்து, வளர்ச்சி நின்றுவிடும். எலுமிச்சைத் தடத்தை மறைக்க அம்மா தடவிய தேங்காயெண்ணெய் மாதிரிதான். மேடைக்கு அது சரி.

இவ்வளவு தெரிந்த நானே ஒரு குற்றம் செய்தேன். சப்தஸ்வரக் குகை என்று ஒரு கூடம், 2006-இல் திறந்தது. அங்கே தொங்கும் விழுதுகளை விரல் மடக்கித் தட்டினால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஒலி தரும். எங்களோடு வந்த மிருதங்கக்காரர் ஒருவர் காதை வைத்து, "இது பஞ்சமம் சார், தப்பே இல்லை" என்றார். எல்லோரும் தட்டினார்கள். நானும் தட்டினேன். வெண்கலக் கும்பாவைத் தட்டியது போலக் கணீரென்று வந்தது. ஒரு கல்லுக்கு அப்படி ஒரு குரல் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? மறுபடியும் தட்டினேன். ஊருக்கு வந்த பிறகு, ஒரு நாளைக்கு இப்படி எத்தனை விரல், எத்தனை வருஷம் என்று எண்ணிப் பார்த்து வெட்கப்பட்டேன். அடுத்த முறை போகும்போது ஒருவர் தட்டட்டும், 22 பேர் கேட்கலாம். அவரும் தட்டாமல் இருந்தால் இன்னும் நல்லது. மேடையில் நின்று இதைச் சொல்கிற தகுதி எனக்கு இல்லைதான், சொல்லிவைக்கிறேன்.

கடைசியில் இருப்பது பாதாளகங்கை. வாசல் மட்டத்திலிருந்து 46 மீட்டர் ஆழம், அதாவது ஒரு பதினைந்து மாடிக் கட்டடம் இறங்கினது போல. மூச்சு கொஞ்சம் கனக்கும். அங்கே சின்னதாக ஒரு ஓடை வந்து பாறைக்குள் போய் மறைகிறது. இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஊர்க் கிணற்றில் போய்ச் சேருகிறது என்று நம்புகிறார்கள். மேலே சொன்னேனே, தண்ணீர் காலிசெய்துவிட்டுப் போய்விட்டது என்று. போகவில்லை, கீழ் வீட்டில்தான் குடியிருக்கிறது.

அன்றைக்கு நாங்கள்தான் கடைசிக் கூட்டம். திரும்பி வரும் வழியில் ஒரு கூடத்தில் தம்பியை நிறுத்தி, "ஒரு நிமிஷம் விளக்கை அணைக்க முடியுமா, தம்பி?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு எங்களை ஒருமுறை எண்ணினார். "யாரும் நடக்கக் கூடாது. போனும் எடுக்கக் கூடாது. பயமா இருந்தா சொல்லுங்க, உடனே போட்டுடறேன்" என்றார். எங்கோ போய் எதையோ அழுத்தினார். தன் டார்ச்சையும் அணைத்தார்.

இருட்டு என்ற சொல்லை நாம் வீணாக்கிவிட்டோம். அமாவாசையில் மின்சாரம் போனால் ‘கும்மிருட்டு’ என்கிறோம். அங்கே நட்சத்திரம் இருக்கும், பக்கத்து ஊர் வெளிச்சம் வானத்தில் படிந்திருக்கும், கொஞ்ச நேரத்தில் கண் பழகிவிடும். குகையின் இருட்டில் கண் பழக எதுவுமே இல்லை. ஒரு மணி நேரம் நின்றாலும் அதே இருட்டுதான். முதலில் யாரோ சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. நான் கையை முகத்துக்கு முன்னால் ஆட்டினேன். ஆடுவது தெரிந்தது போலவே இருந்தது. தெரியவே முடியாது. கை ஆடுகிறது என்பதை அறிந்த மூளை நிழலை வரைந்து காட்டுகிறது. அதற்குப் பிறகுதான் துளி விழும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. இடப்பக்கம் ஒன்று. இன்னும் தள்ளி ஒன்று, அது தண்ணீரில் விழுகிற சத்தம். அவ்வளவு நேரமும் அது விழுந்துகொண்டுதான் இருந்திருக்கும், விளக்கு எரிந்தபோது ஒருவர் காதிலும் விழவில்லை.

அந்த நேரத்தில் ஒரு கை என் கையைப் பிடித்தது. இறுகப் பிடித்தது. வழியெல்லாம் ஜோக் அடித்துக்கொண்டு வந்த ஒருவருடைய கை அது. எப்படித் தெரியும் என்றால், விரல்நுனி ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போயிருந்தது. நம் வட்டத்தில் ஊசி பிடிக்கிறவர் ஒருவர்தான். பெயர் சொல்ல மாட்டேன். நானும் அவர் கையை விடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

விளக்கு வந்தது. எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஆதிசேஷனை யாரும் பார்க்கவில்லை.

சண்டை இங்கேதான் ஆரம்பம். வேனில் திரும்பும்போது பாதிப் பேர், "நல்லாத்தான் இருந்தது, ஆனா காசு கொடுத்து உள்ளே போய் விளக்கை அணைக்கச் சொல்றதா?" என்றார்கள். என் கட்சி வேறு. வண்ண விளக்குப் போட்ட குகையில் நாம் விளக்கைப் பார்த்துவிட்டு வருகிறோம். குகைக்கு உரியது இருட்டு, துளி, நேரம் ஆகிய மூன்றும். காட்சிக் குகை என்ற ஏற்பாடு மூன்றையும் மறைத்துவிட்டு வடிவத்தை மட்டும் காட்டுகிறது.

இப்படிக் காட்டுவது பழைய தொழில். ஸ்லோவேனியாவில் போஸ்தோய்னா குகைக்கு 1819 முதலே பயணிகள் வருகிறார்கள். 1872-இல் உள்ளேயே தண்டவாளம் போட்டுவிட்டார்கள். 1884-இல் மின்விளக்கு எரிந்தது. அமெரிக்காவில் கென்டக்கியின் மாமத் குகைக்கு வழிகாட்டியாக 1838-இல் வந்தவர் ஸ்டீபன் பிஷப். அடிமை. எஜமானுக்குச் சொந்தமான ஆள். பதின்பருவத்து இளைஞர். அதுவரை எல்லோரும் திரும்பிவந்த ஆழமான பள்ளம் ஒன்றைக் கடந்து, அதற்கு அப்பாலும் குகை போகிறது என்று காட்டினார். 1842-இல் நினைவிலிருந்தே வரைபடம் வரைந்து கொடுத்தார். எண்ணெய் விளக்கு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நடந்த அந்தக் குகையில் இன்றைக்கு அளந்திருப்பது 680 கிலோமீட்டருக்கு மேல், உலகத்திலேயே நீளமானது. 1856-இல் விடுதலை கிடைத்தது, மறுவருஷம் இறந்துபோனார். சீமான்களும் சீமாட்டிகளும் அவருக்குப் பின்னால் வால் பிடித்துக்கொண்டு போனார்கள். வெளியே வந்தபின் அவர் மறுபடி அடிமை. எங்கள் வழிகாட்டித் தம்பி 23 பேரை எண்ணியபோது எனக்கு பிஷப் ஞாபகம் வந்தது. குகைக்குள் முன்னால் போகிறவர் சொல்வதுதான் சட்டம்; வெளியே வந்ததும் டிப்ஸ் எவ்வளவு கொடுக்கலாம் என்று நாம் கூடிப் பேசுகிறோம்.

விளக்கு கெடுதலும் செய்யும். பிரான்சில் லாஸ்கோ குகை 1940-இல் நான்கு பையன்களால் வெளியே தெரிந்தது. பல ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய காளைகளும் குதிரைகளும் சுவரெல்லாம். 1948-இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். நாளொன்றுக்கு 1,000 பேருக்கு மேல் வந்தார்கள். அவர்கள் விட்ட மூச்சும் உடம்புச் சூடும் விளக்கு வெளிச்சமும் சேர்ந்து ஓவியத்தின்மேல் பச்சைப் பாசி படர்ந்தது. வேறிடத்தில் வெள்ளைப் படிகம் பூத்தது. 1963-இல் மூடிவிட்டார்கள். இப்போது போகிறவர்கள் பக்கத்தில் கட்டிய நகலைத்தான் பார்க்க முடியும். விளக்கு எரிகிற குகைகளில் பல்பைச் சுற்றிப் பச்சையாக ஒரு வட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். வெயிலே காணாத இடத்தில் பாசி பிடிக்கிறது என்றால் நாம் உள்ளே ஒரு சின்ன வெயிலைக் கொண்டுபோய் மாட்டியிருக்கிறோம்.

குகையைப் பூட்டிவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. திறந்ததால்தான் பேலத்தில் குப்பை நின்றது. 30 வருஷம் கரும்பலகையில் வரைந்தவன் ஒரு விழுதைப் பார்த்ததும் அதனால்தான். கேட்பதெல்லாம் ஒரே ஒரு நிமிஷம்.

வரும் கார்த்திகைக்குப் பிறகு, மழை நின்றதும், இரண்டாவது பயணம் ஏற்பாடு செய்யலாம் என்று செயலாளர் சொல்கிறார். பெயர் கொடுக்கிறவர்கள் இன்றைக்கே கொடுங்கள். சால்வை வேண்டாம், தண்ணீர் பாட்டில் வேண்டும், வழுக்காத செருப்பு வேண்டும். மூச்சுத்திணறல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு வாருங்கள். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கப் பழகிக்கொள்ளுங்கள். தாடிபத்ரியிலிருந்து வேனில் தூங்காதீர்கள். வழிகாட்டித் தம்பியிடம் விளக்கை அணைக்கச் சொல்லி நீங்களே கேளுங்கள். ஒவ்வொரு தடவையும் நானே கேட்டால் நன்றாக இருக்காது.

பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று மட்டும் விளக்கு எரியும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.